மாத்திரைக்கு அடங்காத வெள்ளைப்படுதல்: ஸ்லைடில் என்ன தேடுகிறோம்?

நாகர்கோவிலில் ஒரு லேபில் இருபது வருடத்துக்கு மேலாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ரிப்போர்ட் வாங்க வரும் பெண்கள் அதைப் பையில் வைத்த பிறகு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது என்ன என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மூன்று தடவை மாத்திரை சாப்பிட்டாச்சு. வெள்ளை நிற்கவே இல்லை. ஏன்?

என்ன மாத்திரை என்று கேட்டால் பலரும் ஒரே அட்டையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஒரே அட்டையில் நான்கு மாத்திரை: புளூகோனசோல் ஒன்று, அசித்ரோமைசின் ஒன்று, செக்னிடசோல் இரண்டு. மருந்துக்கடையில் "வெள்ளைபடுது" என்று தணிந்த குரலில் சொன்னாலே கையில் வந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் பச்சை நிறப் பெட்டியில் செக்னிடசோலும் புளூகோனசோலும் இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில், அறிகுறியை வைத்து, அதிகம் வரக்கூடிய நோய்களுக்குச் சேர்த்து மருந்து கொடுக்கும் முறை அது. பூஞ்சைக்கு ஒன்று. நல்ல பாக்டீரியா குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும் பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கும் இன்னொன்று. முதல் தடவை வந்தவர்களில் பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாதவர்களுக்கு அதே அட்டையை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கொடுப்பதில்தான் எனக்கு வருத்தம். அந்த அட்டை தொடாத காரணங்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை.

வெள்ளைப்பட்டாலே நோயா?

இல்லை. மாதவிடாய் தொடங்கிப் பத்துப் பதினான்கு நாளில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக வருவது இயற்கை. கர்ப்பத்தில் கூடுதலாக வரும். நிறம் மாறுவது, நாற்றம், அரிப்பு, எரிச்சல், உறவின்போது வலி, ரத்தம் கலந்து வருவது, இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் பார்க்க வேண்டும்.

"மீன் வாடை வருதா?" என்று டாக்டர் ஏன் கேட்கிறார்?

குளச்சல் பக்கம் மீன் விற்கும் ஒரு அக்காவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "எந்த மீனு மக்ளே? காலையில நாலு மணிக்கு ஏலத்துக்குப் போயி, ராத்திரிதான் குளிக்கேன். என் மேல எப்பவும் அந்த வீச்சம்தான்." நியாயமான பதில். புத்தகத்தில் இருக்கும் கேள்வி எங்கள் கடற்கரையில் பாதிப் பேருக்குச் செல்லாது.

அதனால்தான் மூக்கை மட்டும் நம்பாமல் வேறு மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். 1983இல் ஆம்சலும் சக மருத்துவர்களும் வகுத்த முறை அது. மெல்லிய, ஒரே சீரான, சாம்பல் கலந்த வெள்ளைத் திரவம், பிஎச் (அடுத்துச் சொல்கிறேன்) 4.5க்கு மேல், ஸ்லைடில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் குப்பென்று கிளம்பும் வீச்சம், மைக்ராஸ்கோப்பில் குளூ செல்கள். நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ். அந்த ஒரு சொட்டு விட்ட உடனே மோந்து பார்க்க வேண்டும், சில விநாடிகளில் வாடை போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அதோடு பரிசோதனை வீணாகிவிடும்.

குளூ செல் என்பது என்ன? பெண்ணுறுப்பின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் மைக்ராஸ்கோப்பில் பொரிக்காத பப்படம் மாதிரித் தட்டையாக, ஓரம் தெளிவாகத் தெரியும். பாக்டீரியல் வஜைனோசிஸில் அந்தப் பப்படத்தின் மேல் நுண்ணுயிர்கள் கடற்கரை மணல் ஒட்டினதுபோல அப்பிக்கொண்டு, ஓரமே தெரியாமல் மறைத்துவிடும். ஐந்து செல்லில் ஒன்றுக்கு மேல் அப்படி இருந்தால் கணக்கில் சேரும்.

பிஎச் என்கிறார்களே, அது எதற்கு?

திரவத்தில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண் அது, எண் குறைந்தால் அமிலம் அதிகம். பார்க்க ஒரு சின்னக் காகிதத் துண்டு போதும். இத்தனை பரிசோதனைகளில் மலிவானதும் இதுதான், அதிகம் செய்யாமல் விடுவதும் இதுதான்.

ஆரோக்கியமான பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிஎச்சை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கும். தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் சொந்தக்காரர்கள்தான். பூஞ்சை வந்தாலும் பிஎச் பெரும்பாலும் மாறாது. பாக்டீரியல் வஜைனோசிஸ், டிரைக்கோமோனாஸ், ஏரோபிக் வஜைனிடிஸ் (இதைப் பின்னால் சொல்கிறேன்) மூன்றிலும் ஏறும். ஆக, காகிதத்தின் நிறம் மாறியதும் பாதி வழி தெரிந்துவிடும்.

ஆனால் எடுக்கும் இடம் முக்கியம். பக்கச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். கர்ப்பப்பை வாயின் சளி பட்டால் பிஎச் தானாகவே கூடுதலாகக் காட்டும். ரத்தமும் விந்தும் அப்படியே.

கல்ச்சரில் ஈ.கோலை என்று வந்திருக்கிறது. அதுதானே காரணம்?

ரிப்போர்ட்டைப் படித்துப் பதறி வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். எடுத்த மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். அதில் வந்ததாலேயே அவசியம் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஈ.கோலை, என்டரோகாக்கஸ், பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாம் குடலில் வாழ்பவை. பக்கத்து வீட்டுக்கு வருவதுபோல எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிலும் வந்து இருந்துவிட்டுப் போகும். பாக்டீரியல் வஜைனோசிஸில் பெருகும் கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியாவும் தொந்தரவு இல்லாத பெண்ணில் இருக்கலாம். அதனால்தான் பாக்டீரியல் வஜைனோசிஸைக் கல்ச்சர் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்கிறார்கள்.

கல்ச்சர் யார் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். சண்டை நடக்கிறதா என்று ஸ்லைடுதான் சொல்லும். வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றனவா, நல்ல பாக்டீரியா காணாமல் போயிருக்கிறதா, செல்கள் எந்த வகை என்று பார்க்காமல், கல்ச்சர் காகிதத்தின் கீழே வரிசையாக அச்சிட்டிருக்கும் ஆன்டிபயாடிக் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஏரோபிக் வஜைனிடிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதே இல்லையே?

பல டாக்டர்களே அதிகம் எழுதாத பெயர் அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டாண்டர்ஸும் சக மருத்துவர்களும் 2002இல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாத்திரைக்கு அடங்காமல் வருபவர்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்.

பாக்டீரியல் வஜைனோசிஸில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டம் பெருகும், ஆனால் வீக்கமோ சிவப்போ பெரிதாக இருக்காது. ஏரோபிக் வஜைனிடிஸில் நான் மேலே சொன்ன குடல்வாசிகளும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும் இடம் பிடிக்கும், கூடவே சுவர் சிவந்து எரியும். திரவம் மஞ்சளாகக் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். நாற்றம் இருக்கலாம், ஆனால் மீன் வீச்சம் இருக்காது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டாலும் கிளம்பாது. உறவின்போது வலிக்கும். பிஎச் ஏறியிருக்கும், கடுமையானால் 6ஐயும் தாண்டும்.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண். மூன்று தடவை பூஞ்சை மாத்திரை, இரண்டு தடவை மெட்ரோனிடசோல். ஸ்லைடைப் பார்த்தால் பூஞ்சையும் இல்லை, குளூ செல்லும் இல்லை. தட்டையான பப்படங்களுக்குப் பதிலாக, சின்ன உருண்டைச் செல்கள், நடுவில் கரு பெரிதாக. சுவரின் அடி அடுக்கில் இருக்க வேண்டியவை அவை. மேல் அடுக்கு உரிந்ததால் வெளியே வந்துவிட்டன. சுற்றிலும் வெள்ளணுக்கள், சிலவற்றின் உள்ளே பொடிமணலாகத் துகள்கள். பின்னணியில் மணி கோத்ததுபோல நுண்ணுயிர்ச் சங்கிலிகள். லாக்டோபேசில்லஸ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த ஐந்தையும்தான் மதிப்பெண் போடுகிறோம்: லாக்டோபேசில்லஸ் நிலை, வெள்ளணு எண்ணிக்கை, துகள் நிறைந்த வெள்ளணுக்கள், பின்னணி நுண்ணுயிர், அடி அடுக்குச் செல்கள். மொத்தம் 10க்கு. 3க்குக் கீழே என்றால் நோய் இல்லை. 3, 4 லேசானது. 5, 6 நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

அவருக்கு ஏன் மெட்ரோனிடசோல் கேட்கவில்லை என்பதும் இப்போது புரியும். அது ஆக்சிஜன் இல்லாமல் வாழ்பவற்றுக்கான மருந்து. இங்கே குடியிருப்பவர்கள் வேறு. கிளிண்டாமைசின் கிரீமா, ஸ்டீராய்டு கிரீமா, மாதவிடாய் நின்றவருக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீமா என்று டாக்டர் ஸ்லைடையும் ஆளையும் பார்த்து முடிவு செய்வார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பாக்டீரியாக்கள் தெரிவதற்காகக் கிராம் சாயம் போட்ட ஸ்லைடுக்கு நாங்கள் வழக்கமாகப் போடுவது 1991இல் வந்த நியூஜென்ட் மதிப்பெண். 0 முதல் 3 வரை சரி, 7 முதல் 10 வரை பாக்டீரியல் வஜைனோசிஸ், நடுவில் 4 முதல் 6 வரை 'இடைநிலை'. அந்தக் கணக்கில் உருண்டைக் கிருமிகளுக்கும் வெள்ளணுக்களுக்கும் இடமே கிடையாது. 'இடைநிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நானே எத்தனையோ ஸ்லைடுகளை ஓரம் வைத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை ஏரோபிக் வஜைனிடிஸோ! இப்போது 'வெள்ளணுக்கள் அதிகம், அடி அடுக்குச் செல்கள் உள்ளன' என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்.

அரிப்பு பூஞ்சை மாதிரியே இருக்கிறது. ஆனால் ஸ்லைடில் பூஞ்சை இல்லை என்கிறார்கள்?

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு கூடி, ரத்தம் பட ஆரம்பித்ததும் குறைகிறதா? அப்படியென்றால் சைட்டோலிட்டிக் வஜைனோசிஸாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். நல்ல பாக்டீரியாவே அளவுக்கு மீறிப் பெருகி, அமிலம் கூடி, செல்கள் உடைந்துபோகும். ஸ்லைடில் பப்படம் நொறுங்கிக் கிடக்கும், கரு மட்டும் தனியே சிதறியிருக்கும். லாக்டோபேசில்லஸ் ஏராளம், வெள்ளணு மிகக் குறைவு, பிஎச் 3.5 முதல் 4.5 வரை.

இவர்களுக்குத் தயிரைத் தடவு, புளித்த மோரில் கழுவு என்று யாராவது யோசனை சொன்னால் எரிகிற அடுப்பில் விறகு வைத்த கதைதான். சிலருக்கு டாக்டர்கள் சோடா உப்புக் கலந்த தண்ணீரில் உட்காரச் சொல்வதுண்டு. ஸ்லைடு பார்க்காமல் நீங்களாகச் செய்யாதீர்கள்.

பிசிஆரில் யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா என்று வந்திருக்கிறது. வீட்டுக்காரர் மேல் சந்தேகமாக இருக்கு.

முதலில் இரண்டையும் பிரித்துப் படியுங்கள். யூரியாபிளாஸ்மா எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் பலரிடம் இருக்கும். அதைத் தேடிப் பரிசோதிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் பொதுவான அறிவுரை. ஒரே ஸ்வாபில் (மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி) பத்துப் பன்னிரண்டு கிருமிகளைத் தேடும் பேக்கேஜ்கள் வந்த பிறகு, தேவையில்லாமல் இந்தப் பெயர் வீடுகளுக்குள் நுழைந்து சண்டை மூட்டுகிறது.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் வேறு. 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது, உடலுறவால் பரவுவது. கர்ப்பப்பை வாயில் அழற்சி, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, அடிவயிற்று வலி வரை கொண்டுபோகும். இதற்குச் செல்சுவரே கிடையாது. அதனால் கிராம் சாயம் ஒட்டாது, என் மைக்ராஸ்கோப்பில் தெரியாது. பென்சிலின் வகை மருந்துகளும் வேலை செய்யாது. கல்ச்சரில் வளர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். பிசிஆர் மாதிரியான மரபணுப் பரிசோதனை ஒன்றுதான் வழி. நான்கு மாத்திரை அட்டையில் இருக்கும் அந்த ஒற்றை அசித்ரோமைசினுக்கு இது இப்போது பல இடங்களில் அடங்குவதில்லை. அரைகுறையாகச் சாப்பிடச் சாப்பிட எதிர்ப்பு இன்னும் கூடும்.

எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த ரிப்போர்ட்டாலும் சொல்ல முடியாது. அறிகுறி இல்லாமல் நீண்ட நாள் உடம்பில் இருக்கக்கூடியது. இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பதுதான் பிரயோஜனம்.

வெறும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்றால் வீட்டுக்காரருக்கு மருந்து வேண்டாம் அல்லவா?

இதுவரை அப்படித்தான் சொல்லிவந்தோம். 2025இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், திரும்பத் திரும்ப வராமல் இருக்க ஆணுக்கும் மாத்திரையும் கிரீமும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த ஜோடிகளில் 35 சதவீதப் பெண்களுக்கும், கொடுக்காதவர்களில் 63 சதவீதப் பெண்களுக்கும் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தது. ஒரே துணையோடு இருந்தும் விடாமல் வருகிறதென்றால் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஜட்டியில் மஞ்சளாக, ரத்தம் கலந்து படுகிறது.

பெரியவர்களுக்கு வருவது இவர்களுக்கு வருவதில்லை. வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லை, அதனால் அந்த அமிலப் பாதுகாப்பும் இல்லை. பூஞ்சையும் பாக்டீரியல் வஜைனோசிஸும் அரிது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

இங்கே முதலில் நினைக்க வேண்டியது ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டைவலி உண்டாக்கும் அதே கிருமி. திடீரென்று செக்கச்செவேல் என்று சிவந்து வலிக்கும். வீட்டில் யாருக்காவது சமீபத்தில் தொண்டைவலி இருந்ததா என்று கேட்போம். ரத்தம் கலந்து நாள்கணக்கில் வந்தால் ஷிகெல்லாவையும் தேடுவோம். வயிற்றுப்போக்கே இல்லாமலும் வரும். இந்த இரண்டுக்கும் கல்ச்சர் உண்மையாகவே உதவும். ஆனால் ஸ்வாபின் மேல் 'சிறுமி, வயது 6' என்று எழுதி அனுப்பினால்தான் நாங்கள் அதற்கான தட்டில் போடுவோம். நாற்றமும் ரத்தமும் சேர்ந்திருந்தால் உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். மணி, ரப்பர் துண்டு, எதுவும் இருக்கலாம்.

உடலுறவால் பரவும் கொனோரியாவோ கிளமிடியாவோ வந்தால் அது வேறு விஷயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களே அழைக்கலாம். குடும்ப மானம் என்று மூடிவைக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வந்தது.

கர்ப்பிணிகளில் 100க்கு 10 முதல் 30 பேரிடம் இருக்கக்கூடியது. உங்களுக்குத் தொந்தரவு தராது, ஆனால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவலாம். அதனால் மருந்து பொதுவாகப் பிரசவ வலி வந்த பிறகு ஊசியாகக் கொடுப்பார்கள். சிறுநீரில் வந்திருந்தால் கணக்கு வேறு. ரிப்போர்ட்டைப் பிரசவ அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

மாதவிடாய் நின்று பத்து வருஷம். எரிச்சல், கல்ச்சரில் ஏதோ கிருமி.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் சுவர் மெலிந்திருக்கலாம். கிருமி சும்மா இருக்கலாம். ஆனால் ஒரு துளி ரத்தம் பட்டாலும் ஸ்வாபோடு நிறுத்தாமல் மகப்பேறு டாக்டரிடம் போய்விடுங்கள்.

காப்பர் டி போட்டிருக்கிறேன். பாப் ஸ்மியரில் ஆக்டினோமைசெஸ் என்று எழுதியிருக்கு.

கர்ப்பப்பை வாய்ச் செல்களைப் பார்க்கும் பரிசோதனையில் தெரிந்த ஒரு பாக்டீரியா அது. வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் மருந்தும் வேண்டாம், காப்பர் டியை எடுக்கவும் வேண்டாம்.

இது சூட்டினால் வருவதுதானே? இளநீர் குடித்தால் போதாதா?

இளநீர் தாராளமாகக் குடியுங்கள், நல்லது. ஆனால் கிருமி அதற்குப் போகாது. என் கவலை இளநீர் பற்றியல்ல, டெட்டால் பற்றி. உள்ளே டெட்டால் தண்ணீர், உப்புத் தண்ணீர், சோப்பு விட்டுக் கழுவுவது நல்ல பாக்டீரியாவைத்தான் முதலில் கொல்லும். வெளியே தண்ணீர் போதும். உள்ளே அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

ஸ்வாப் கொடுக்கப் போகும் முன் என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய கோளாறு ஸ்வாப் எடுத்த பிறகு நடக்கிறது. ஒருமுறை மலையோரத்துக் கிளினிக் ஒன்றிலிருந்து காலையில் எடுத்த ஸ்வாப், ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெயிலில் சுற்றி, மதியம் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தது. பஞ்சு காய்ந்து குச்சியோடு ஒட்டியிருந்தது. டிரைக்கோமோனாஸ் நீந்துவதைப் பார்க்க வேண்டுமானால் எடுத்த பத்து இருபது நிமிடத்துக்குள் ஸ்லைடு மைக்ராஸ்கோப்பின் கீழே இருக்க வேண்டும். தூரமாக அனுப்புவதென்றால், எடுத்த இடத்திலேயே ஒரு ஸ்லைடில் தடவிக் காய வைத்தும், இன்னொரு ஸ்வாபை ஜெல் உள்ள டியூபில் போட்டும் அனுப்பினால் கிராம் சாயமும் கல்ச்சரும் தப்பும். அன்று நான் 'மாதிரி தகுதியற்றது' என்று எழுதினேன். அந்தப் பெண் திரும்ப வந்தாரா என்று தெரியாது.

எங்கே போவது? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மகப்பேறுப் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கின்றன. தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகளிலும் மகப்பேறு டாக்டரைப் பார்க்கலாம். காய்ச்சலோடு அடிவயிற்று வலி இருந்தால் லேபுக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 30 வயது தாண்டியவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

தெரிந்தவர் பார்ப்பார் என்று பயந்து மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுபவர்கள் உண்டு. போங்கள், தப்பில்லை. ஆனால் இங்கே சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, மாதவிடாய்க்கு முன்பா பின்பா, என்ன நிறம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த அட்டையோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டினால் போதும், நாங்கள் வாசித்துக்கொள்வோம்.